கைவசம் ஒரு மூச்சு

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் நான்கைந்து நாள்களே இருந்தன. கல்வராயன் மலைமேல் உள்ள கிளைப்பங்கு ஒன்றில் மாலைத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணைப்பக்கமாக இறங்கும் சாலையில் எங்கள் பழைய ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஃபெஞ்சல் புயலின் மழை ஓய்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தும், சாலையோரங்களில் மண் சரிந்த தடங்கள் மறையவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடந்ததும் வண்டி இடப்பக்கம் சாய்ந்து இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் தரையோடு தரையாகப் படிந்திருந்தது. ஸ்டெப்னிதான் இருக்கிறதே என்ற தைரியத்தில், ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மாற்றி, நட்டுகளை முறுக்கி, வண்டியை மெல்ல இறக்கினோம். அந்த ஸ்டெப்னியும் எங்கள் கண்ணெதிரே மண்ணோடு படிந்தது. அதில் காற்று இல்லை. எத்தனை மாதங்களாக இல்லையோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

என்னோடு வந்திருந்தவன் அடிவாரத்து ஊரைச் சேர்ந்த இளைஞன். வயது இருபத்து நான்கு. சிறுவனாக இருந்தபோது எனக்குப் பீடச்சிறுவனாகப் பணி செய்தவன். இப்போது புதுச்சேரிக் கடலில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை செய்கிறான். அந்தமானில் வேறு வேலை கிடைத்துப் புறப்படுமுன், தன் கருவிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு விழாவுக்கு ஊர் வந்திருந்தான். மலையில் பாடல் பாட ஆள் வேண்டுமென்று நான் அவனை அழைத்துச் சென்றிருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. தட்டையாகிப்போன அந்தச் சக்கரத்தைக் காலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சாமி, எங்கள் தொழிலில் இப்படி நேர்ந்தால் ஆள் இல்லை."

கீழிருந்து வேறு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் முழுவதும் அவன் பேசியது அவனுடைய ஸ்டெப்னியைப் பற்றி.

(ஸ்டெப்னி என்பதைத் தமிழ்ச்சொல் என்றே எண்ணுமளவுக்கு நம் ஓட்டுநர்கள் அதைத் தம்மதாக்கிக்கொண்டார்கள். அது வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-இல் அந்தத் தெருவில்தான் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெரு எங்கே, கல்வராயன் மலை எங்கே!)

"எங்களுடையதற்குப் போனி பாட்டில் என்று பெயர், சாமி" என்றான்.

எனக்கு அது 'போணி' என்றே காதில் விழுந்தது. காலையில் கடை திறந்ததும் நடக்கும் முதல் வியாபாரத்தைத்தானே நாம் போணி என்கிறோம்! "அதில் என்ன வியாபாரம் போணியாகிறது, தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் சிரித்தான். போனி என்றால் மட்டக்குதிரை. முதுகில் பெரிய உருளை ஒன்றைச் சுமந்து செல்லும் முக்குளிப்பாளன், அதன் பக்கத்திலேயே கட்டிக்கொள்ளும் சிறிய உருளைக்கு அந்தப் பெயர். பெரிய உருளையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. தனிக் காற்று, தனி வால்வு, தனிக் குழாய், வாயில் கவ்விக்கொள்ளத் தனி ஊதுவாய். பெரியது பழுதானாலும் தீர்ந்தாலும், சிறியதைக் கவ்விக்கொண்டு மேலே வந்துவிடலாம்.

மறுநாள் காலை அதைப் பங்கு இல்லத்துக்கே எடுத்து வந்து திண்ணையில் வைத்தான். மஞ்சள் நிறம். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தைவிடச் சற்று அதிகம். தூக்கிப் பார்த்தேன், மூன்று மாதக் குழந்தையின் கனம் இருக்கும். "இதில் ஆக்சிஜனா?" என்றேன். எல்லோரும் கேட்கும் கேள்வி போலும், பொறுமையாகத் திருத்தினான். நாளேடுகள் எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டர் என்றே எழுதுகின்றன. உண்மையில் அதில் இருப்பது நீங்களும் நானும் மூச்சுவிடும் அதே காற்று. வடிகட்டி, உலர்த்தி, இருநூறு மடங்கு அழுத்தி அடைத்தது. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே இறங்கினால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரும் என்றான். உயிர் தருவதும் அளவு மிஞ்சினால் கொல்லும் என்பதை நான் குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் படித்திருக்கிறேன். ஒரு மஞ்சள் உருளையைத் தொட்டுக்கொண்டு கேட்டது அதுவே முதல்முறை.

பிறகு கணக்கு. பங்கு அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் அவன் போட்டுக் காட்டியதை என் மேசையில் இன்னும் வைத்திருக்கிறேன். அமைதியாக இருக்கும் ஒருவருக்கு நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் காற்று போதும். ஆனால் கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் இருமடங்கு காற்றை விழுங்கும். முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அதாவது மேலே ஒரு நிமிடத்துக்கு இருபது லிட்டர் என்றால் அங்கே எண்பது. அச்சம் பற்றிக்கொண்டால் அந்த எண்பதும் நூற்று அறுபதாகும். முதுகில் உள்ள பெரிய உருளையின் கொள்ளளவு 11 லிட்டர். 200 'பார்' அழுத்தத்தில் அடைத்தால் அதில் 2,200 லிட்டர் காற்று இருக்கும். கேட்கும்போது பெருஞ்செல்வம் போலத் தோன்றுகிறது. அஞ்சியவனுக்கு முப்பது மீட்டர் ஆழத்தில் அது கால் மணி நேரத்துக்குக்கூட வராது.

சரி, மாற்று உருளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்றான். கையடக்கமாக, தண்ணீர்ப் பாட்டில் அளவில், 'ஸ்பேர் ஏர்' என்ற பெயரில் ஒரு கருவி 1980-களிலிருந்து விற்பனையில் உள்ளது. அதன் பெரிய வகையிலேயே அடங்குவது 85 லிட்டர் காற்றுதான். கடலில் விழுந்து தலைகீழாகக் கவிழும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேற வேண்டிய வீரர்களுக்கு இத்தகைய கருவியைக் கொடுப்பதுண்டு. அவர்கள் நீர்மட்டத்துக்கு அருகில்தான் இருப்பார்கள், ஒரு நிமிடம் கிடைத்தால் கதவைத் தேடிக்கொள்வார்கள். அதற்கு அது நல்ல துணை. முப்பது மீட்டர் ஆழத்தில் இருப்பவனுக்கோ அதே 85 லிட்டர், அமைதியாக மூச்சுவிட்டால் ஒரு நிமிடம். அஞ்சினால் அரை நிமிடம். அங்கிருந்து மேலே வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். விரைந்து எழும்பவும் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுக்களைக் கிழித்துவிடும். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில்தான் ஏறவேண்டும். எனவே அவன் வைத்திருப்பது மூன்று லிட்டர் கொள்ளளவுள்ளது. அதில் 600 லிட்டர் காற்று. அஞ்சியவன் அடியில் ஒரு நிமிடம் திகைத்து நின்று, பிறகு ஏறினாலும் ஐந்நூறு லிட்டருக்குள் மேலே வந்துவிடலாம். "மிச்சமுள்ள நூறு லிட்டர் எதற்கு?" என்றேன். "சாமி, உங்கள் ஸ்டெப்னிக்கு ஒரு ஸ்டெப்னி" என்றான்.

முற்காலத்தில் இப்படித் தனி உருளை ஏதும் இல்லை. பிரான்சு நாட்டில் 1943-இல் ழாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும், எமில் காஞ்ஞான் என்னும் பொறியாளரும் சேர்ந்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினார்கள். போர்க்காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் காஞ்ஞான் செய்திருந்த வால்வே அதற்கு மூலம். மனிதன் கயிறும் குழாயும் இல்லாமல் கடலடியில் திரியத் தொடங்கியது அப்போதுதான். உருளையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் அளவுமானி தொடக்ககால உருளைகளில் இல்லை. அதற்குப் பதிலாக வால்விலேயே ஒரு நெம்புகோல் இருந்தது. காற்றின் அழுத்தம் சுமார் 20 'பார்' அளவுக்கு இறங்கியதும், உள்ளிருக்கும் சுருள்வில் வழியை அடைக்கத் தொடங்கும், மூச்சு கனக்கும். உடனே முதுகுப்பக்கம் கையை நீட்டி அந்த நெம்புகோலைக் கீழே இழுத்துவிட்டால், அடைபட்டிருந்த கடைசிக் காற்று திறந்துகொள்ளும். அதை வைத்துக்கொண்டு மேலே வந்துவிடவேண்டும்.

இந்த ஏற்பாட்டை அவன் விவரித்தபோது, எவ்வளவு அழகு என்றே முதலில் எண்ணினேன். மறுகணமே அதன் பழுதை அவன் சொல்லிவிட்டான். படகில் ஏறும்போதோ, பாறையில் உரசும்போதோ அந்த நெம்புகோல் தானாகவே இறங்கிவிடுவதுண்டு. முக்குளிப்பாளனுக்கு அது தெரியாது. மூச்சு எளிதாகத்தான் வந்துகொண்டிருக்கும். கடைசிக் காற்றையும் சேர்த்தே செலவழித்துக்கொண்டிருப்பான். மூச்சு கனக்கும் வேளையில், நம்பிக்கையோடு கையைப் பின்னால் கொண்டு போவான். நெம்புகோல் ஏற்கெனவே கீழே இருக்கும்.

ஒரே உருளைக்குள் ஒதுக்கி வைத்த சேமிப்பு சேமிப்பு ஆகாது என்பது அவன் துணிபு. எங்கள் பங்கின் கட்டட நிதியை நான் நடைமுறைக் கணக்கோடு ஒரே வங்கிக் கணக்கில் வைத்திருந்த சில ஆண்டுகள் என் நினைவுக்கு வந்தன. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் எல்லாப் பயிற்சியாளர்களும் போனி உருளையை விரும்புவதில்லை என்பதையும் அவனே சொன்னான். கூடுதல் சுமை. கைவசம் இன்னொன்று இருக்கிறதென்ற எண்ணத்தில் அளவுமானியைப் பார்க்கும் கவனம் தளரும். இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாமே என்ற ஆசை பிறக்கும். இரண்டு ஊதுவாய்களில் எது எதுவென்று குழம்பி, இறங்கும்போதே சிறியதைக் கவ்விக்கொண்டு போய்விடுவோரும் உண்டு. அதன் காற்று தீரும்போதுதான் தம் பிழை அவர்களுக்கு விளங்கும். வால்வைத் திறக்க மறந்தவர்களும் உண்டு. இறங்குவோர் இருவர் இருவராக இறங்கி, ஒருவர் மற்றவரைக் கண்பார்வையில் வைத்திருந்தாலே போதும், துணைவரே மாற்று உருளை என்பது அவர்கள் வாதம். அதற்கென்றே ஒவ்வொருவரும் தம் பெரிய உருளையிலிருந்து இன்னோர் ஊதுவாயைக் கூடுதலாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்கு ஆக்டோபஸ் என்று பெயர். அது தமக்கல்ல, துணைவருக்கு.

துணைவரை நம்பி இறங்குவது நம் கடலுக்கும் புதிதன்று. குருமடத்தில் என்னோடு பயின்ற தூத்துக்குடி நண்பர் ஒருவர் முத்துக்குளிப்பைப் பற்றி நிறையச் சொல்வார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒற்றை மூச்சில் மன்னார் வளைகுடாவின் அடிக்கு இறங்கியவர்கள் அவருடைய முன்னோர். படகிலிருந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் குளிப்பவரின் மனைவியோடு பிறந்தவராக இருப்பாராம். தன் தங்கை தாலியிழக்க எந்த மைத்துனனும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்பது அதன் பொருள். தூத்துக்குடிக் கடலில் 1961-இல் நடந்ததோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படகில் ஓடும் இயந்திரம் அனுப்பும் காற்றை ஒற்றை ரப்பர்க் குழாயில் வாங்கிக்கொண்டு இறங்குவோரும் அவர்களில் உண்டு. குழாய் மடங்கினாலும் இயந்திரம் நின்றாலும் அவர்களுக்கு மாற்று ஏதும் இல்லை.

"துணைவர் இருக்கும்போது உனக்கு எதற்குத் தம்பி தனி உருளை?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் விடையாகச் சொன்னது, ஈராண்டுகளுக்கு முன் அவனுக்கே நேர்ந்தது. பருவமழைக்குப் பிந்திய கலங்கல். நீட்டிய கை தெரியாத நீர். பதினெட்டு மீட்டர் ஆழம். பெரிய உருளையின் வால்வில் உள்ள ரப்பர் வளையம் திடீரென்று பிதுங்கிக் கிழிந்து, காற்று இரைச்சலோடு வெளியேறத் தொடங்கியது. தலைக்குப் பின்னால் கொதிக்கும் உலை போலக் குமிழிகள். துணைவர் நான்கடி தூரத்தில்தான் இருந்திருப்பார். ஆனால் அந்தக் கலங்கலில் நான்கடியும் நாற்பதடியும் ஒன்றே. "நான் எதையும் யோசிக்கவில்லை, சாமி. கை தானாகப் போயிற்று. மஞ்சள் ஊதுவாய் வாய்க்குள் வந்தபிறகுதான் எனக்குப் பயமே வந்தது" என்றான். இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகி அவன் மேலே வந்தான். துணைவர் அவனைத் தேடிவிட்டு அதற்குப் பின் வந்தார்.

இந்த இடத்தில் நான் வேறொன்றைச் சொல்லியாகவேண்டும். இத்தனை ஆண்டுகளில் எந்த மறையுரையிலும் நான் அதைச் சொன்னதில்லை.

1998-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு இரண்டாண்டுகூட நிறையாத உதவிப் பங்குத்தந்தை. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019-இல்தான். மலையடிவாரத்து ஊர்களில் பாறையை உடைத்து வெட்டிய அகன்ற கிணறுகள் இருக்கும். ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்ட நீரை மேலிருந்து உறிஞ்சி இழுக்க எந்த எஞ்சினாலும் ஆகாது. ஆகவே கோடையில் நீர் இறங்க இறங்க, டீசல் எஞ்சினையும் கிணற்றுக்குள்ளேயே மேடை அமைத்து இறக்கிவிடுவார்கள். காற்றோட்டமில்லாத குழியில் அதன் புகை தேங்கும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அன்று எஞ்சின் நின்றுவிட்டதென்று ஒரு கூலியாள் இறங்கினார். மேடையை அடைந்ததும் அப்படியே சரிந்தார். நிலத்துக்காரர்களில் மூத்தவர், ஆள் மயங்கிவிட்டானென்று பதறி இறங்கினார். அவரும் சரிந்தார். நான் அருகில் ஒரு வீட்டுக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றிருந்தவன், கூச்சல் கேட்டு ஓடினேன். அதற்குள் இளையவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுவரில் காலை வைத்துவிட்டார். நானும் இன்னும் இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டோம். இருபத்திரண்டு வயது உழவரைப் பிடித்து நிறுத்துவது எளிதன்று. "அண்ணன் கண்ணைத் திறந்து பார்க்கிறான், விடுங்கள்" என்று கதறினார். உண்மையில் அவருடைய அண்ணன் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் இடது மணிக்கட்டை அவர் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஊரார் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கினார்கள். குடம் குடமாக நீரை வீசினார்கள். நான் விடவில்லை.

தீயணைப்புப் படையினர் அந்தச் சாலையில் எவ்வளவு விரைவாக வரமுடியுமோ அவ்வளவு விரைவாக வந்தார்கள். முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமுமாக ஒருவர் இறங்கி, கூலியாளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். மூத்தவரைக் கட்டத் தொடங்கியபோது ஒரு விசில் ஒலித்தது. அவர் உருளையிலிருந்துதான். அந்த மனிதர் கட்டுவதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். ஊரே அவரைத் திட்டியது. நானும் மனத்துக்குள் திட்டினேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல், வேறு உருளையை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார். இருவருமே உயிரோடு வரவில்லை.

அந்த விசில் எதற்கு என்பதை இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு என் திண்ணையில் அமர்ந்துகொண்டு இந்த இளைஞன்தான் விளக்கினான். உருளையின் அழுத்தம் 50 'பார்' அளவுக்கு இறங்கும்போது அது தானாக ஒலிக்கும். அதற்குப்பின் உள்ள காற்று மேலே வருவதற்கு மட்டுமே உரியது. வேலைக்கு உரியதன்று, பிறரைத் தூக்குவதற்கும் உரியதன்று. அதைத் தொட்டுவிட்டால் கிணற்றில் இன்னோர் உடல் சேரும்.

அந்தத் தாய் அதற்குப்பின் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என் சின்னவன் இறங்கியிருந்தால் பெரியவன் பிழைத்திருப்பான் அல்லவா, சாமி?" இளையவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேசவே இல்லை. கோவிலுக்கு வருவார், திருவிருந்துக்கு என் வரிசையில் நிற்கமாட்டார். அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணமாயிற்று. அதற்கடுத்த ஆண்டு பிறந்த மகன்தான் இந்த முக்குளிப்பாளன். நான் வேறு பங்குகளுக்கு மாற்றலாகி, சுற்றிச் சுழன்று மீண்டும் இந்தப் பகுதிக்கே பங்குத்தந்தையாக வந்தபோது, மகனைப் பீடப்பணிக்கு அனுப்பினார். அப்போதும் பேசவில்லை.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையைப் பற்றி மறையுரையாற்றும் ஞாயிறு வந்தால், எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. எண்ணெய் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னவர்களை எப்படி முன்மதியுடையோர் என்று போற்றுவது? கிணற்றங்கரையில் நான் பிடித்துக்கொண்டு நின்றதும் அத்தகைய மறுப்புத்தானே? விளக்கவுரைகள் பல படித்திருக்கிறேன். எதுவும் நெஞ்சுக்குள் இறங்கியதில்லை. இவன் சொன்ன ஒரு செய்தி மட்டும் என்னை யோசிக்க வைத்தது. நீரடிக் குகைகளுக்குள் முக்குளிப்போர் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறார்கள். ஷெக் எக்ஸ்லி என்னும் அமெரிக்கர் 1979-இல் வெளியிட்ட சிறுநூலில் அந்த விதிகளுக்கு ஓர் ஒழுங்கு தந்தார். காற்றை மூன்றாகப் பகுக்கவேண்டும். ஒரு பங்கு உள்ளே செல்ல. ஒரு பங்கு வெளியே வர. மூன்றாம் பங்கைத் தொடக்கூடாது. அந்த மூன்றாம் பங்கு, துணைவரின் காற்று முழுதும் போய்விட்டால் அவரையும் சேர்த்து வெளியே கொண்டுவருவதற்காக. கொடுப்பது கரையில் நின்று கணக்கிடும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஆழத்தில் இருந்துகொண்டு பங்கிட முயன்றால் இருவருக்கும் இல்லாமல் போகும். இது உவமைக்கு உரையாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. மறைநூல் அறிஞர்கள் சிரிக்கக்கூடும்.

"உன் அப்பா நீ கடலுக்குப் போக எப்படிச் சம்மதித்தார்?" என்று கேட்டேன். நெடுநாளாகக் கேட்க நினைத்திருந்த கேள்வி.

"முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள், நீ இறங்குவதென்றால் உன் காற்றை நீயே கொண்டுபோ, அடுத்தவன் காற்றை நம்பாதே என்றார். கறவை மாடுகளில் ஒன்றை விற்றுப் பணம் கொடுத்தார். அதில் வாங்கியதுதான் இது" என்று மஞ்சள் உருளையைத் தட்டினான். பிறகு, "இன்று மாலை பழகப்போகிறேன், வருகிறீர்களா?" என்றான்.

பழகுவது அவர்கள் கிணற்றில். இருவர் இறந்த கிணறு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இது மேட்டுக்காட்டில் உள்ள வேறு கிணறு. புயல் மழையில் கிணறுகளெல்லாம் கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பியிருந்தன. அவன் மாதம் ஒருமுறையாவது ஊர் வந்து இதில் இறங்குவானாம். கடலில் பழகக்கூடாதா என்றால், இங்கேதான் இருட்டு சரியாக இருக்கிறதாம். இறங்குமுன் இரண்டு உருளைகளின் வால்வுகளையும் திறந்து, இரண்டு அளவுமானிகளையும் பார்த்து, ஒவ்வோர் ஊதுவாயிலும் மூன்று முறை மூச்சிழுத்துப் பார்த்தான். அந்தச் சடங்கை அவன் அவசரப்படாமல் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பீடத்தில் பாத்திரங்களைக் கழுவித் துடைக்க நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தபோது இவ்வளவு நிதானம் இருந்ததில்லை.

அவன் தந்தை கிணற்று மேட்டில் நின்றிருந்தார். நாற்பத்தெட்டு வயதிலேயே முடி வெளுத்துவிட்டது. மகனின் இடுப்பிலிருந்து வந்த கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிப் பிடித்திருந்தார். இவ்வளவு கருவிகள் இருக்கும்போது கயிறு எதற்கென்று மகன் அவரிடம் வாதாடுவதில்லையாம். கண்ணாடியை மூடிக்கட்டிய துணியோடு அவன் நீருக்குள் போனான். ஐந்து மீட்டர் ஆழத்தில் பெரிய ஊதுவாயை உமிழ்ந்துவிட்டு, கண் தெரியாமலே சிறியதைத் தேடிக் கவ்வவேண்டும். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நின்றன. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மீண்டும் வந்தன. மேட்டில் நின்ற இருவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

இப்படிப் பத்து முறை. ஆறாவதோ ஏழாவதோ முறை குமிழிகள் திரும்ப வந்ததும், அவர் என் பக்கம் திரும்பினார். என் இடது கையை ஒரு கணம் பார்த்தார். மடியில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"சாமி, இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார்.